கிழவியின் தலைக்கு மேலே

முதல் சொட்டு கிழவியின் நெற்றியில் விழுந்தது. இரண்டாவது மூக்கின் நுனியில். மூன்றாவது எங்கே விழும் என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அவள் வாயில் விழுந்து, மோவாயில் வழிந்து, சட்டைக் கழுத்துக்குள் இறங்கிவிட்டது.

வெள்ளையாக, ஆவி பறக்க, தேங்காய் வாசனையோடு.

கிழவி அசையவில்லை. அவள் செத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. நடு மாடிச் சுவரில், கருமரச் சட்டத்துக்குள், கரித்தூளால் வரைந்த படமாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் முழங்கால்மேல். முகத்தில், யாரோ இரவல் கேட்டு வந்து நிற்பதுபோல் ஒரு கடுகடுப்பு.

கூரையடி அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பொங்கிருச்சுடி அஞ்சல. நல்லா பொங்கிருச்சு. நாலு பக்கமும் வழியுது பாரு."

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் இந்தக் கிழவியின் மருமகள் வருவார். வீடு அவருடையது. அவர் ஒரு காகிதத்தில் முத்திரை வைக்காவிட்டால் திங்கட்கிழமை என் அப்பா சயாமுக்கு லாரி ஏறிவிடுவார். முத்திரை வைக்க வருகிற அம்மாளின் மாமியாருக்குத்தான் நாங்கள் பாலாபிஷேகம் செய்துகொண்டிருந்தோம்.

இதைச் சொல்லும் முன் ஒரு கடிதத்துக்குப் பதில். ஜப்பான்காரன் ஆட்சியில் நான் நிப்போங்கோ என்கிற ஜப்பானிய மொழிக்கு வாத்தியாரம்மா ஆன கதையைச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, கிளேபாங்கிலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஒரு பெண்பிள்ளை தன்னைப்பற்றி இவ்வளவு பெருமை பேசலாமா என்று கேட்கிறார். பேசலாம், ஐயா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். வீட்டில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது.

மாடி, அதற்கும் மேல் ஒரு மாடி

காஜா பெராங் சாலையில் அந்த வீடு ஒல்லியாக, உயரமாக, பக்கத்து வீடுகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது. கீழ்த்தளத்தில் ஒரு நாடகத் திரை ஓவியர் குடியிருந்தார். அதற்கு மேல் இரண்டு அறையும் ஒரு கூடமும். அதற்கும் மேல், கூரைக்கு அடியில், கிழக்கே சன்னல் வைத்த ஒற்றை அறை. கீழ்த்தளம் நீங்கலாக மற்றதெல்லாம் எங்களுக்கு.

எங்களுக்கு என்று எழுதும்போது இப்போதும் எனக்கு முதுகு நிமிர்கிறது. செங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் பிறந்த லைன் வீடு, கூலிகளின் வரிசைக் குடியிருப்பில் ஓர் அறை. முன்னால் நின்று தும்மினால் பின்னால் இருப்பவர் நூறாயுசு சொல்வார். அதில் நாங்கள் ஏறியது வாசல்படி ஒன்றுதான்.

ஆகவே அம்மா முதல்முறை மாடிப்படியைப் பார்த்தபோது, அதைச் சுவரில் சாய்த்து வைத்த ஏணி என்றே நினைத்தாள். ஏறும்போது கைகளையும் ஊன்றி ஏறினாள். இறங்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். புடவையின் பின்பக்கம் ஒரு வாரத்தில் நைந்துபோனது. "படிச்ச புள்ளைக்கு தரையில வீடு கெடைக்கலியா" என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை கேட்டாள்.

அந்தத் தெருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்று மெலிந்துகொண்டிருந்த காலத்தில் அந்தத் தெரு பாடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் ஒரு பங்சாவான் நாடகக் குழு தங்கியிருந்தது. காலையில் ராஜா வேடக்காரர் வாசலில் குந்தி மரவள்ளி மாவு சலிப்பார். சலித்துக்கொண்டே மந்திரிக்கு மரண தண்டனை விதிப்பார். மந்திரி உள்ளே துணி துவைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பார். அடுத்த வீட்டில் வயலின். அந்த வயலினுக்கு மூன்று கம்பிதான் இருந்தன. நான்காவதற்குச் சண்டை முடிய வேண்டும் என்றார்கள்.

கீழ்வீட்டு ஓவியர் பெயர் நாகப்பன். தலைமுறைகளுக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட செட்டிகளின் குடியிருப்பான பக்கத்துச் செட்டிக் கம்பத்துக்காரர். நெற்றியில் விபூதி, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில், பேச்சு மட்டும் மலாய். அவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். மாமா, அத்தை, சாமி பெயர்கள் தவிர தமிழ் அவ்வளவாக வராது. என் அம்மாவால் இதை ஏற்கவே முடியவில்லை. விபூதி பூசியவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்காது, காதுதான் கேட்கவில்லை என்று முடிவு செய்து, அவரிடம் மெதுவாகவும் சத்தமாகவும் தமிழ் பேசுவாள். அவர் தலையாட்டுவார். இருவருக்கும் நல்ல ஒற்றுமை.

நாடகக் குழுவுக்கு நாலு திரைதான். அரண்மனை, காடு, கடைத்தெரு, கடல். எல்லாத் திரையிலும் சூரியன் இருந்தால் நல்லது என்று ஜப்பானிய மேலிடத்தில் யாரோ சொல்லிவிட்டுப் போக, நாகப்பன் நாலிலும் சிவப்பாக ஒவ்வொன்று வைத்தார். கடல் திரை நிலாக் காட்சிக்கு உரியது. அதில் நிலாவும் இருந்தது, சூரியனும் இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கேட்பதை விட்டுவிட்டிருந்தோம்.

இரண்டு நிபந்தனை

வீட்டுக்காரர் ஒரு நோன்யா அம்மாள், மலாய் பேசும் பழைய சீனக் குடும்பத்துக்காரர். வயதான நோன்யாக்களை நாங்கள் பீபிக் என்போம். கெபாயா சட்டையில் தங்க ஊசி இருந்த இடத்தில் அப்போது பித்தளை ஊசி குத்தியிருந்தார். வாயில் வெற்றிலை. அவர் தெங்கேராவில் மகன் வீட்டில் இருந்தார்.

காலியாகக் கிடக்கும் வீடுகளையும் மாடிகளையும் ராணுவம் எடுத்துக்கொள்கிறது என்ற பயத்தில்தான் மாடியை வாடகைக்கு விட்டார். வாசலில் ஜப்பானிய எழுத்தில் ஒரு பெயர்ப்பலகை தொங்கினால், அதுவும் வாத்தியாரம்மா பெயர் தொங்கினால், எந்தச் சிப்பாயும் உள்ளே வரமாட்டான் என்பது அவர் கணக்கு. தெருவில் அப்படிப்பட்ட பெயர் ஒன்றே ஒன்றுதான். அது என் பெயர். பலகையை நானே எழுதினேன். எதிர்வீட்டு ராஜா மாவு சலிப்பதை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

பீபிக் இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, மாமியார் படத்துக்குக் காலையும் மாலையும் ஊதுவத்தி கொளுத்த வேண்டும். இரண்டு, படம் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே உள்ள கூரையடி அறையில் யாரும் புழங்கக்கூடாது. முன்னோரின் தலைக்கு மேல் நடப்பது அவர்களுக்குப் பெரிய குற்றம். சாவி தொலைந்துவிட்டதால் அந்த அறையைப் பூட்ட முடியாது. உன் வார்த்தையை நம்பித்தான் விடுகிறேன் என்றார்.

நான் வார்த்தை கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அந்த இரண்டாவது நிபந்தனையை விழுங்கினேன்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? செத்தவளின் படத்தோடு ஒரே கூரையின்கீழ் படுப்பதாகத் தெரிந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பாள். ஆகவே அது சீனர்களின் அம்மன் என்று சொல்லிவிட்டேன். அம்மா அதை அப்படியே நம்பினாள். எந்த ஊர் அம்மனாக இருந்தாலும் அம்மன்தானே என்று, சட்டத்தின் மேல் குங்குமம் வைத்தாள். தினமும் ஒரு செம்பருத்தி செருகினாள். கிழவியின் கடுப்பைப் பார்த்து, "உக்கிரமான சாமிதான், சீக்கிரம் கேக்கும்" என்று மகிழ்ந்தாள்.

திங்கட்கிழமை லாரி

இப்போது அப்பாவுக்கு வருகிறேன். வாடகை வீட்டின் கதையே அவர்தான்.

தோட்டத்தில் ரப்பர்ப் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலை, அரிசி உண்டு என்று சொல்லி முதல் தொகுதி ஆட்களை ஏற்றிப் போனார்கள். மூன்று மாதம் கழிந்தது. ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. அந்த முறை அப்பாவுக்குக் காய்ச்சல் என்பதால் விட்டுவிட்டார்கள். காய்ச்சல் தீர்ந்தது. அடுத்த பட்டியலில் கிராணி அவர் பெயரை எழுதினார். கிராணி என்பது தோட்டத்து எழுத்தர். அந்த நாளில் எமனுக்கும் அவரே எழுத்தர்.

டவுனில் வீடும் குடும்பப் பதிவும் இருப்பவர்களின் பெயரை அவர் சில சமயம் பட்டியலிலிருந்து அடித்துவிடுவதுண்டு. அதற்கு வட்டார ஆபீசில் ஒரு படிவம் தர வேண்டும். இன்னார் இந்த வீட்டில் குடியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் முத்திரை வைத்த படிவம்.

படிவத்தை நான் எழுதினேன். அப்பா பெயரைக் கதகானா என்கிற ஜப்பானிய எழுத்தில் எழுதி, மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலாயுதம் என்ற முழுப் பெயரையும் அதுவரை எங்கள் வீட்டில் யாரும் எழுதியதில்லை. அவரும் எழுதியதில்லை.

பீபிக் பௌர்ணமிக்கு மாமியாரைக் கும்பிட வருவார். அன்று முத்திரை வைத்துத் தருகிறேன் என்றார். பௌர்ணமி சனிக்கிழமை. லாரி திங்கட்கிழமை. நடுவில் ஒரு ஞாயிறு. போதும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா புது மண்சட்டியோடு வந்து நின்றாள். குடிவந்த வீட்டில் இன்னும் பால் காய்ச்சவில்லை.

மேலிருந்து கீழே

பசும்பாலைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்கு ஆகியிருந்தது. இருந்த மாடுகளின் பால் எல்லாம் வேறு வயிறுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மா இரண்டு தேங்காய் சம்பாதித்து வைத்திருந்தாள். அதுவும் வெள்ளைதான், அதுவும் பால்தான், சாமி என்ன நக்கியா பார்க்கப்போகிறது என்றாள்.

அடுத்த கேள்வி, எங்கே காய்ச்சுவது? சமையற்கட்டு கீழே, ஓவியரோடு சேர்ந்தது. அங்கே காய்ச்சினால் பாதிப் பலன் நாகப்பனுக்குப் போகும். நடு மாடியில் காய்ச்சினால் மேல் மாடி பட்டினி. அம்மா யோசித்தாள். மேலே காய்ச்சினால் நல்லது எல்லாம் தண்ணீர்போல் கீழே இறங்கும், வீடு முழுக்கப் பரவும் என்றாள். தவிர, கிழக்குப் பார்த்த சன்னல் கூரையடி அறையில்தான் இருந்தது.

நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. ஊதுவத்திக்காரர்களின் சாத்திரம் மூடநம்பிக்கை, பால் காய்ச்சுவது நம் பழக்கம் என்று நான் அப்போது தெளிவாகப் பிரித்து வைத்திருந்தேன். படிப்பு அந்த உதவியைச் செய்திருந்தது.

அம்மா ஒரு தகரத்தை விரித்து மூன்று செங்கல் வைத்துக் கூரையடி அறையில் அடுப்பு மூட்டினாள். தேங்காய்ப்பால் முதலில் திரிந்தது. திரிந்தால் குற்றமா என்று அம்மா ஒரு நிமிடம் திகைத்தாளாம். பிறகு ஒரு பிடி சுள்ளி கூட வைத்தாள். சட்டி நுரைத்து எழுந்து, அடுப்பை அணைத்து, தகரத்தைத் தாண்டி ஓடியது. அந்த வீட்டுப் பலகைத் தரையில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும்.

நல்லது எல்லாம் தண்ணீர்போல் கீழே இறங்கியது.

படத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து மாட்டியிருந்தார்கள், கிழவி அண்ணாந்து வாங்கிக்கொள்ள வசதியாக. கண்ணாடி இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் வெள்ளைக்காரன் ஓடும்போது எதையோ வெடிவைத்துத் தகர்த்த அதிர்வில் தெருவில் பாதிக் கண்ணாடி உதிர்ந்துவிட்டது. கிழவியின் கண்ணாடியும் அதில் போயிருந்தது.

இதுவரை நடந்தது அம்மாவின் வேலை. இனி நடந்தது படித்தவளின் வேலை. ஓடிப்போய் ஒரு ஈரத் துணியைக் கொண்டுவந்து துடைத்தேன்.

துடைத்ததும் கிழவிக்கு மீசை முளைத்தது. மீசையைத் துடைத்தேன். மீசையோடு வாயும் போய்விட்டது. மூக்குக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் மட்டும் நின்றது.

அம்மா படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்து பார்த்தாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அபிஷேகத்த எவளாச்சும் தொடைப்பாளாடி? தானா தேடி வந்து குடிச்சிருக்கா ஆத்தா. நீ வாயத் தொடச்சி விட்டிருக்க."

அவருக்குத் தெரிந்த வாய்

நாகப்பன் கீழேயிருந்து வந்தார். கூரை ஒழுகுகிறதா என்று மலாயில் கேட்டார். மழை இல்லையே என்று அவரே சொல்லிக்கொண்டார். அவருடைய கடல் திரையில் நாலைந்து சொட்டு விழுந்திருந்தது.

பிறகு படத்தைப் பார்த்தார். அந்த வீட்டில் பத்து வருடமாக இருப்பவர். கிழவி யார், பீபிக் யார் என்று அறிந்தவர். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, லாரி, படிவம், பௌர்ணமி. சொல்லும்போது என் மலாய் எங்கெங்கோ உடைந்தது. அம்மா பக்கத்தில் நின்று அதையே தமிழில், சத்தமாக, ஒருமுறை சொன்னாள்.

சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"முடியும், பிள்ளே. ஆனால் எனக்கு வாய் ஒன்றுதான் தெரியும்."

அது உண்மை. திரைகளிலும் விளம்பரத் தட்டிகளிலும் அவர் வரைந்த ராஜா, பூதம், வேடன், இளவரசி எல்லோருக்கும் ஒரே வாய். இளவரசிக்காகக் கற்றுக்கொண்ட வாய். வேறு வாய் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

கடையில் வண்ணம் கிடைக்காத காலம். விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தார். அரிசி மாவுப் பௌடரைத் தொட்டுக் கன்னத்தை நிரப்பினார். மாலை மங்கும் வரை உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, சின்னத் தூரிகையால் தடவினார். எதிர்வீட்டில் ராஜா மந்திரியை இரண்டு தடவை மன்னித்தார்.

முடித்து எழுந்தபோது கிழவி புன்னகை செய்துகொண்டிருந்தாள்.

லேசான புன்னகை இல்லை. தோட்டத்தில் வேடனைச் சந்தித்த இளவரசியின் புன்னகை. அதற்கு மேலே அதே பழைய கண்கள், அதே கடுப்பு. பார்ப்பதற்கு, யாருக்கோ வைத்த விஷம் வேலை செய்யத் தொடங்கியதைக் கவனிப்பவள்போல் இருந்தாள்.

வேறு மாதிரி முடியுமா என்றேன். வேறு வாய் தெரியாது என்றார்.

பௌர்ணமி

சனிக்கிழமை நான் ஒரு திட்டம் போட்டேன். சன்னலை முக்கால்வாசி சாத்துவது. ஒரு வத்திக்குப் பதில் ஒரு கட்டு வத்தி கொளுத்துவது. அம்மாவைச் சமையற்கட்டில் நிறுத்துவது. புகையில் பீபிக் கும்பிடுவார், இருமுவார், முத்திரை வைப்பார், போவார்.

ரிக்ஷா வந்து நின்றது. பீபிக் கையில் நாலு வாழைப்பழம். எனக்கிருந்த பயத்தில், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் இடுப்பை மடித்து ஒரு ஜப்பானியக் கும்பிடு போட்டுவிட்டேன். பீபிக் திரும்பி, பின்னால் யாராவது அதிகாரி வருகிறானா என்று பார்த்தார்.

மாடியேறி, கூடத்துக்குள் வந்தவர், வீடு பற்றிக்கொண்டதா என்று கேட்டார். பௌர்ணமிக்கு விசேஷமாக ஏற்றியது என்றேன். புகை கொஞ்சம் விலகியதும் நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் பார்த்தோம். படத்துக்கு முன்னால் என் அம்மா நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தாள்.

எப்போது ஏறி வந்தாள் என்று எனக்குத் தெரியாது. முகம் தரையில் இருந்தது. குரல் பலகைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"தாயே, அவர அந்த ரயிலுக்கு அனுப்பிராத. நான் ஒண்ணுமே கேட்டதில்ல. பாலு ஊத்துனேனே, குடிச்சியே. அவர மட்டும் விட்ரு."

பீபிக் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

எனக்கு அப்போது நாலு மொழி தெரியும். நாலிலும் பொய் சொல்லத் தெரியும். வாடகைக்கு நன்றி சொல்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவின் உள்ளங்கால் இரண்டும் என்னைப் பார்த்திருந்தன. ரப்பர்க் காட்டில் வெடித்த கால்கள். மாடிப்படிகள் பழகாத கால்கள். அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மலாயில் சொன்னேன். அந்தப் பால் சங்கதியையும்.

பீபிக் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"என் மாமியாரிடமா கேட்கிறாள்?"

"ஆமாம் பீபிக்."

அவர், என்னிடம் அல்லாமல் வாழைப்பழத்திடம் சொல்வதுபோல் சொன்னார். மருமகளாக வந்த நாளிலிருந்து தினமும் முழங்காலிட்டு இந்த அம்மாளுக்குத் தேநீர் கொடுத்தாராம். ஒருமுறை, ஒரே முறை, மூவாரில் தன் தாய் சாகக் கிடக்கிறாள், போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாராம். மாமியார் தேநீரைக் குடித்து முடித்தாளாம். காலிக் கோப்பையை நீட்டினாளாம்.

"உன் அம்மாவை எழுந்திருக்கச் சொல். இவளிடம் கேட்டு யாருக்கும் எதுவும் கிடைத்ததில்லை. கேட்பதானால் என்னிடம் கேட்கச் சொல்."

நான் சொன்னேன். அம்மா தலையை மட்டும் தூக்கினாள். அவளுக்குத் தெரிந்த மலாய் சந்தையில் விலை கேட்கவும் விலை குறைக்கவும் மட்டும்தான். அதற்குள் தேடினாள்.

"சாயா பூஞா லாக்கி" என்றாள். என் புருஷன். அதற்கு மேல் அவளிடம் வார்த்தை இல்லை.

பீபிக் இடுப்புப் பையிலிருந்து முத்திரையை எடுத்தார். மை டப்பாவைத் திறந்தார். திறந்தவர், கும்பிட்டுவிட்டு வைக்கிறேன் என்று சொல்லி, படத்துக்குக் கிட்டே போனார்.

சன்னல் கால்வாசிதான் திறந்திருந்தது. அது போதுமாக இருந்தது. அவர் கழுத்தை முன்னால் நீட்டினார். பின்னால் இழுத்தார். குங்குமத்தைப் பார்த்தார், செம்பருத்தியைப் பார்த்தார், மறுபடி வாயைப் பார்த்தார். மை டப்பா அவர் கையிலேயே இருந்தது. படிவம் என் கையில் ஈரமாகிக்கொண்டிருந்தது.

கீழே நாகப்பனின் தூரிகைச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவரும் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வாயை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்" என்றார் பீபிக்.

நான் ஒப்புக்கொண்டேன். கூரையடி அறை, அடுப்பு, ஈரத் துணி எல்லாவற்றையும். கொடுத்த வார்த்தையை மீறியதையும் சொன்னேன். அம்மாவுக்கு அது தெரியாது, என் தவறு மட்டும்தான் என்றேன். பெருமைக்காரி என்று பெயர் வாங்கியவள்; அன்று என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பீபிக்கின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று நினைத்து அம்மா எழுந்து போய் அவர் முதுகைத் தடவினாள். அவர் அழவில்லை. வெற்றிலைச் சாறு மோவாயில் வழிய, சத்தமே இல்லாமல், மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று தெரியாமலே அம்மாவும் சிரித்தாள்.

"இவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை" என்றார் கடைசியில். "திருத்தாதே. இப்படியே இருக்கட்டும்."

முத்திரையை அழுத்தி வைத்தார். சிவப்பு மை என் கதகானாவின் மேல் பாதி ஏறிவிட்டது. அந்த ஒரு தடவைதான் என் எழுத்தை யாராவது அழித்ததற்குச் சந்தோஷப்பட்டேன்.

படியிறங்கப் போனவர் திரும்பினார். அப்பா எங்கே படுப்பார் என்று கேட்டார். கூடத்தில் ஒரு மூலையில் என்றேன். பீபிக் விரலை மேலே காட்டினார்.

"அங்கே. காற்று வரும். சரியாக இவள் தலைக்கு மேலே படுக்கச் சொல்."

பெரட்டு நேரம்

அப்பா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். தகரப் பெட்டி ஒன்று, பாய் ஒன்று. வாசலில் என் பெயர்ப்பலகையைப் பார்த்து, அது என்ன, சாமான் விலையா என்று கேட்டார். படியடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மேல யாரு இருக்கா?"

"நாமதாம்பா."

"அதுக்கு மேல?"

"அதுவும் நாமதான்."

அப்பா முதல் படியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, தன் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் யார் பெயரைக் கிராணி எழுதினான் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். நான் கேட்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே ஆபீசில் படிவத்தை நீட்டினேன், அதை வாங்கிக்கொண்டார்கள், ஓடி வந்துவிட்டேன்.

பின்னால் தெரிந்தது. அதே லைனில் இரண்டு கதவு தள்ளி இருந்தவர். அப்பாவும் அவரும் ஒரே பொட்டலத்தில் புகையிலை பிரித்துக்கொள்வார்கள். அவர் திரும்பவில்லை. இந்தத் தொடரில் நான் பெருமைப்படாமல் எழுதிய இடம் இது ஒன்றுதான்.

திங்கட்கிழமை விடியும் முன்னே எனக்கு விழிப்பு வந்தது. தோட்டத்தில் அது பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற நேரம். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். காஜா பெராங்கில் யாரும் தப்பு அடிக்கவில்லை. எதிர்வீட்டு ராஜா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் மேலே பலகை கிரீச்சிட்டது. அப்பா எழுந்துவிட்டார். சன்னல் வரை நடந்தார், நின்றார், திரும்பி நடந்தார். கூப்பிடாத பெயருக்குப் பதில் சொல்ல எழுந்தவர்போல். கீழே இறங்கவும் தெரியவில்லை, படுக்கவும் தெரியவில்லை.

அம்மா எழுந்து வத்தி கொளுத்தினாள். "ஆத்தா கேட்டுட்டா பாத்தியா" என்றாள். அது யார் படம் என்று அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் இந்த வாரமும் தப்பித்தேன்.

சாலையில் எங்கோ ஒரு லாரி போகும் சத்தம் கேட்டது. அந்த லாரியாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். மேலே நடை நின்றது. சத்தம் தேயும் வரை நாங்கள் மூவரும், மூன்று இடத்தில், அசையாமல் இருந்தோம்.

பிறகு அப்பா மறுபடி நடக்கத் தொடங்கினார். பலகை இடுக்கிலிருந்து தூசி இறங்கிக் கிழவியின் முகத்தில், அந்த இளவரசிப் புன்னகையின் மேல், படிந்தது.

ஈரத் துணியால் துடைக்கக்கூடாது என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது. நாற்காலிமேல் ஏறி, மெதுவாக ஊதிவிட்டேன்.